வரிசையில் இல்லாதவள்

பாதுவா, இத்தாலி
3 ஏப்ரல் 2005

மதிப்பிற்குரிய சகரியா சாருக்கு,

உங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் ரோதிகாவின் அம்மா அக்ரிபீனா எழுதுகிறேன். நாலு வருடமாகப் பெற்றோர் கூட்டத்துக்கு வராத அம்மா என்றால் இன்னும் சீக்கிரம் அடையாளம் தெரியும்.

மே முப்பத்தொன்று, பன்னிரண்டாம் வகுப்பை வழியனுப்பக் கடைசி மணி அடிக்கும் விழா நாளில் நான் நம் ஊர் சொரோக்காவுக்கு வருகிறேன். இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும். ரோதிகாவிடம் சொல்லாதீர்கள். அவளை வைத்திருக்கும் என் நாத்தனார் தாசியாவிடமும் சொல்லாதீர்கள். அவள் வாயில் ரகசியம் நின்றதாகச் சரித்திரம் இல்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். போன வருட ஈஸ்டருக்கு வருகிறேன் என்றேன். அப்போது என்னிடம் இங்கே தங்குவதற்கான சரியான காகிதங்கள் இல்லை, எல்லையைத் தாண்டினால் திரும்ப முடியாது என்று தெரிந்து கடைசி நேரத்தில் நின்றுவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றேன். காகிதம் வந்திருந்தது, ஆனால் நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் மூதாட்டி எல்வீரா அம்மாள் குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அன்றைக்கு ரோதிகா மேஜையில் எனக்கும் தட்டு வைத்திருந்தாளாம், தாசியா சொன்னாள். மறுநாள் போனில் ரோதிகா அழவில்லை, கோபப்படவில்லை. "அம்மா, இனிமே வரேன்னு சொல்லாத. வந்துட்டு அப்புறமா சொல்லு" என்றாள்.

அதைத்தான் செய்யப் போகிறேன். அவள் அப்பா மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்ட கதை உங்களுக்குத் தெரியும். விழா நடக்கும் பள்ளி முற்றத்தில் அவளுக்கென்று வந்து நிற்க என்னைவிட்டால் ஆள் இல்லை.

எப்போது வந்து எங்கே நிற்க வேண்டும் என்று எழுதுங்கள். பதிலை ஊருக்கும் இங்கேயுமாக வேன் ஓட்டும் வலேருவிடம் கொடுத்தால், எங்கள் ஊர்ப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும் பார்க்கில் என் கையில் கிடைக்கும்.

அக்ரிபீனா


சொரோக்கா
14 ஏப்ரல் 2005

அன்புள்ள அக்ரிபீனாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சந்தோஷம்தான், கூடவே ஒரு தயக்கமும் இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லாமல் தேர்வு வைப்பதை நான் என்றைக்குமே விரும்பியதில்லை. நன்றாகப் படித்த பிள்ளைகூட அன்றைக்குப் பேனா இல்லாமல் வந்து முழிக்கும். ஆனால் இது தேர்வு இல்லையே, பரிசுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சொல்ல மாட்டேன்.

நீங்கள் படித்த காலத்தில் மணியோடு எல்லாம் முடிந்திருக்கும். இப்போது அப்படி இல்லை. முதல் வகுப்புப் பிள்ளைகள் பாட்டுச் சொல்வார்கள். எங்கள் வகுப்பில் உயரமானவன் மிரோன், ஒரு சிறுமியைத் தோளில் உட்கார வைத்து முற்றத்தைச் சுற்றி வருவான். அவள் மணியை ஆட்டுவாள். பிறகு பேச்சுகள். பிறகு ஒலிபெருக்கியில், ஜோடியாகச் சுற்றி ஆடும் வால்ட்ஸ் இசை வரும். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் கலைந்து கூட்டத்துக்குள் போய், அவரவர் அம்மாவையோ அப்பாவையோ கைபிடித்து அழைத்து வந்து ஆடுவார்கள். பாதி அம்மாக்கள் இத்தாலியில் இருக்கும் ஊரில் இதை ஏன் ஆரம்பித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். யாரோ நகரத்துப் பள்ளியில் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள், எல்லோரும் கைதட்டினோம்.

நீங்கள் வேலியோரம் லிண்டன் மரத்தடியில் நில்லுங்கள். அங்கிருந்து வரிசை முழுவதும் தெரியும்.

இது எனக்கும் கடைசி மணி. ஜூனோடு ஓய்வு பெறுகிறேன். உங்கள் மகள் உங்களைப் பார்த்துவிட்டு ஓடி வருவதைப் பார்த்துவிட்டுப் போவது நல்ல முடிவாக இருக்கும்.

சகரியா


சொரோக்கா
12 மே 2005

அன்புள்ள அக்ரிபீனாவுக்கு,

ஒரு நல்ல செய்தி. நீங்கள் தூரத்தில் இருப்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

விழா வேலைகளுக்கு எப்போதும் பதினோராம் வகுப்பைத்தான் போடுவோம். பன்னிரண்டாம் வகுப்பு அன்றைக்கு விருந்தாளி மாதிரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றால் போதும். நேற்று ரோதிகா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், பொடிசுங்கள நான் பாத்துக்கறேன்."

"ஒன்னாங் கிளாஸையா? நீ வரிசைல நிக்க வேணாமா?"

"மணி அடிக்கற வரைக்கும் அவங்களோட ஓரமா நிக்கறேன். அப்புறம் கேண்டீனுக்குக் கூட்டிட்டுப் போய்க் கேக் குடுக்கறேன். போன வருஷம் வெயில்ல ஒரு பையன் மயங்கி விழுந்தான்ல?"

"அதுக்கு நீதான் கெடச்சியா? லெவன்த்துல ஆள் இல்லையா?"

"அதுங்களே பொடிசுங்க சார்."

சிரித்துவிட்டேன். இந்த வயதில் தங்கள் ரிப்பனையும் கண்ணாடியையும் தவிர வேறு எதையும் நினைக்காத பெண்கள் மத்தியில், தானாக வந்து வேலையைக் கேட்கிறாள். இது நீங்கள் வளர்த்த வளர்ப்பு.

வால்ட்ஸ் தொடங்குவதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்று சொன்னேன். "பாக்கலாம் சார்" என்றாள். இன்னொரு முறை அழுத்திச் சொல்ல வாயெடுத்தேன். அதிகம் வற்புறுத்தினால் எதற்கு என்று யோசிப்பாள், நம் ரகசியம் வெளிப்பட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். கேக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

சகரியா


பாதுவா
22 மே 2005

சகரியா சாருக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்க்கில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். "உன் பொண்ணு பரவால்லடி. என் மக தட்டக்கூடக் கழுவ மாட்டா" என்றாள் ஒருத்தி. அன்றைக்கு முழுவதும் எனக்குக் கால் தரையில் படவில்லை.

அடுத்த ஞாயிறு புறப்படும் வண்டியில் எனக்கு இடம் போட்டுவிட்டார் வலேரு. செவ்வாய் காலையில் ஊர் வந்து, பையோடு நேராகப் பள்ளிக்கூடம். எல்வீரா அம்மாளை அவர் மகள் பார்த்துக்கொள்வார்.

மிரோனின் அம்மாவும் இதே பார்க்குக்கு வருகிறாள், சொன்னேனா? அவளுக்கு இன்னும் காகிதம் வரவில்லை. "என் பையனையும் ஒரு தடவ கட்டிப்பிடிச்சுட்டு வா. நான் சொன்னேன்னு சொல்லாத, கூச்சப்படுவான்" என்றாள். சரி என்றேன்.

ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். வால்ட்ஸுக்கு வந்துவிடுவாள் இல்லையா? சரி, நீங்கள் இருக்கும்போது எனக்கென்ன கவலை.

அக்ரிபீனா


பாதுவா
12 ஜூன் 2005

சகரியா சாருக்கு,

நீங்கள் அன்றைக்கு மேடையில் இருந்தீர்கள், நான் லிண்டன் மரத்தடியில் இருந்தேன். அங்கிருந்து எப்படித் தெரிந்தது என்று எழுதுகிறேன்.

வண்டி வழியில் நின்றுவிட்டதால் நான் வந்து சேரும்போது மணி அடித்துக்கொண்டிருந்தது. மிரோன் தோளில் அந்தச் சிறுமியோடு சுற்றி வந்துகொண்டிருந்தான். பொடிசுகள் நிற்கும் ஓரம் காலியாக இருந்தது, அவள் திரும்பியிருப்பாள் என்று வரிசையைப் பார்த்தேன். எல்லாம் வெள்ளைச் சட்டை. இந்தக் கோடியிலிருந்து பார்த்தேன், அந்தக் கோடியிலிருந்து பார்த்தேன். ரோதிகா இல்லை. முதலில் எனக்குப் பயம்தான் வந்தது, அவள் இல்லை என்று அல்ல. அவள் அங்கேதான் நிற்கிறாள், நாலு வருடத்தில் எனக்குத்தான் அடையாளம் தெரியாமல் போய்விட்டது என்று. பெற்ற பிள்ளையைத் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டு, ஒவ்வொரு முகமாக மூன்றாவது முறையும் பார்த்தேன்.

பேச்சுகள் முடிந்தன. ஒலிபெருக்கியில் நீங்கள் ரோதிகாவைப் பாராட்டினீர்கள். "தனக்கென்று நிற்காமல் மற்றவர்களுக்காக ஓடும் பிள்ளை" என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு இசை. வரிசை கலைந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். என் பக்கமாக வந்த ஒவ்வொரு பெண்ணையும் பார்த்துக் கை நீட்டினேன். ஒவ்வொருத்தியும் என்னைத் தாண்டிப் போனாள். மிரோன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். என்னைக் கண்டதும் மெதுவாக வந்தான்.

"அத்தை, நீங்க ரோதிகா அம்மாதானே?"

"ஆமாப்பா. அவ எங்க?"

"உள்ள பொடிசுங்களோட இருக்கா. வந்துருவா." ஆடுகிறவர்களைப் பார்த்தான். "அதுவரைக்கும் என்கூட ஆடுறீங்களா? சும்மா நிக்க ஒரு மாதிரியா இருக்கு."

சொல்லுங்கள் சார், முடியாது என்று எந்த அம்மாவால் சொல்ல முடியும்? அவன் அம்மாவுக்கு வேறு வாக்குக் கொடுத்திருந்தேன். பையையும் ரோதிகாவுக்கு வாங்கிய பூங்கொத்தையும் மரத்தடியில் வைத்துவிட்டு ஆடினேன். அவன் காலை மிதித்தேன். "பரவால்ல அத்தை, எங்கம்மாவும் இப்படித்தான் மிதிப்பாங்க" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே ஒரு சுற்றுத் திரும்பினால், கேண்டீன் வாசலில் ரோதிகா நிற்கிறாள். கையைப் பிடித்தபடி ஒரு குழந்தை.

அவள் ஓடி வரவில்லை. பாட்டு முடியும்வரை நின்றாள். முடிந்ததும் வந்தாள்.

"எப்ப வந்த?"

"இப்பத்தான்டி. உன்னத் தேடினேன், நீ..."

"நல்லா ஆடுற" என்றாள். பிறகு, "நாதியாவோட அம்மாவத் தேடணும், அழுவுறா. இரு, வரேன்" என்று அந்தக் குழந்தையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் பூங்கொத்தை எடுத்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமைவரை வீட்டில் இருந்தேன். ஒரு குறையும் இல்லை. தன் கட்டிலை எனக்குக் கொடுத்தாள். நான் பாத்திரத்தைத் தொட்டால் "நீ உக்காரும்மா" என்றாள். வலேருவின் வண்டி புறப்படும்போது "வந்ததுக்கு நன்றிம்மா" என்றாள். நன்றி! விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி.

சொல்லாதீர்கள் என்று நான்தான் சொன்னேன். இருக்கட்டும். நீங்கள் வாத்தியார். யார் சொல்வதைக் கேட்கலாம், யார் சொல்வதைக் கேட்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அக்ரிபீனா


சொரோக்கா
30 ஜூன் 2005

அன்புள்ள அக்ரிபீனாவுக்கு,

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குத் தேர்வு வேலைகளைக் காரணம் சொல்லலாம். அது காரணம் அல்ல.

ஒவ்வொரு வகுப்பிலும் ஒருத்தி இருப்பாள். கூட்டமாகப் புகைப்படம் எடுக்கும்போது, "எல்லாரோட கோட்டையும் என்கிட்ட குடுங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்று முன்வருவாள். நல்ல பெண் என்று நாங்கள் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நிற்போம். படம் வந்த பிறகு பார்த்தால் அதில் அவள் இருக்க மாட்டாள். அவள் கோட்டைக் கேட்டது கோட்டுக்காக அல்ல, படத்தில் நிற்காமல் இருக்க. எத்தனையோ வருடம் இதைப் பார்த்திருக்கிறேன். ரோதிகா என் அறை வாசலில் வந்து நின்றபோது எனக்கு அந்தப் பெண் ஞாபகத்துக்கு வரவில்லை. தோளில் தட்டிக் கொடுத்து அனுப்பினேன். போதாதென்று ஒலிபெருக்கியில் வேறு.

கடைசித் தேர்வு முடிந்த அன்று அவளைப் பள்ளி வாசலில் பார்த்தேன். ஆற்றங்கரைவரை கூடவே நடந்தேன். நேராகவே கேட்டேன்.

"வால்ட்ஸுக்கு வரக் கூடாதுன்னுதான் அந்த வேலையக் கேட்டியா?"

"ஆமா சார்."

"ஏம்மா?"

"எல்லாரும் அவங்கவங்க அம்மாவக் கூப்பிடப் போவாங்க. நான் அங்கயே நின்னா ஊரே பாவம்னு பாக்கும். தாசியா அத்தையக் கூப்பிட்டா இன்னும் பாவம்னு பாக்கும். கைல ரெண்டு குழந்தைங்க இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வேலையா இருக்கான்னு போயிருவாங்க." பிறகு சொன்னாள்: "பாட்டுக் கேட்டதும் கேண்டீன் ஜன்னலச் சாத்திட்டேன். நாதியா அம்மா வேணும்னு அழலேன்னா வெளியவே வந்திருக்க மாட்டேன்."

நீங்கள் வருவது எனக்கு முன்பே தெரியும் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். நடந்துகொண்டே கேட்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஏப்ரல்லேர்ந்து."

"ஏப்ரல்லேர்ந்தா" என்றாள். "அப்ப ரெண்டு மாசம் சார். காலைல எந்திரிக்கும்போதே அம்மா வரப்போறாங்கன்னு ஞாபகம் வரும்ல? சட்டைக்கு இஸ்திரி போடும்போது வரும். மிரோன்கிட்ட பீத்திக்கலாம். அந்த ரெண்டு மாசத்த எங்கம்மா உங்களுக்குக் குடுத்துட்டாங்க. எனக்குக் கடைசிப் பாட்டு மட்டும்தான். அதையும் அவன் ஆடிட்டான்."

மிரோன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அதையும் சொல்லச் சொன்னாள். இல்லை, சொல்லச் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன்.

உங்களுக்கு ஆறுதலாக ஒன்றும் என்னிடம் இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். மறைத்து வைத்தது போதும் என்று தோன்றியது.

சகரியா


பாதுவா
10 ஜூலை 2005

சகரியா சாருக்கு,

உங்கள் கடிதத்தை இந்த முறை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

அவளை ஏமாற்றக் கூடாது என்றுதான் சொல்லாமல் வந்தேன் என்று உங்களிடமும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். எல்வீரா அம்மாளுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருக்கும்போது யோசித்தேன். சொல்லாமல் வந்தால், வர முடியாமல் போனாலும் யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள். அதுதான் உள்ளே இருந்திருக்கிறது. அவளுக்கு வலிக்கக் கூடாது என்பதைவிட, அவள் போனில் அமைதியாகப் பேசும் அந்தக் குரலை நான் மறுபடி கேட்கக் கூடாது என்பது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தலைநகர் கிஷினேவில் அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று தாசியா சொன்னாள். செப்டம்பரில் போகிறாள். அதற்கு முன்னால், ஆகஸ்ட் இருபத்து மூன்று செவ்வாய் அன்று நான் வருகிறேன் என்று ரோதிகாவுக்கே எழுதி இதே உறையில் வைத்திருக்கிறேன். அவள் கையில் கொடுங்கள். எல்வீரா அம்மாளின் உடம்பு நாளுக்கு ஒரு மாதிரி இருக்கிறது, உறுதி சொல்ல முடியாது என்பதையும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் வருகிறேன் என்றுதான் எழுதினேன்.

அக்ரிபீனா


சொரோக்கா
25 ஆகஸ்ட் 2005

அன்புள்ள அக்ரிபீனாவுக்கு,

எல்வீரா அம்மாள் மருத்துவமனையில் எப்படி இருக்கிறார்? உங்கள் நிலைமை எங்களுக்குப் புரிகிறது. அதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் பார்க்காதது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான்.

கடிதத்தைக் கொடுத்த நாளிலிருந்து ரோதிகா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் "எங்கம்மா வர்றாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரொட்டிக் கடைப் பெண்மணி என்னிடமே வந்து, "சார், விஷயம் தெரியுமா?" என்றார். தாசியா வீட்டு வாசல் கதவுக்குப் புது நீல வண்ணம். ரோதிகா பூச, தாசியா முணுமுணுத்துக்கொண்டே வண்ண டப்பாவைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை வண்டி நிற்கும் இடத்துக்கு நானும் போனேன். ரோதிகா எனக்கு முன்பே வந்திருந்தாள். வலேரு கீழே இறங்கி, அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். நீங்கள் வரவில்லை என்று அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் கொடுத்தனுப்பிய பொட்டலத்தை வாங்காமல் தபால் நிலையத்துக்குப் போய் உங்களுக்குப் போன் போட்டாள். அவள் உங்களைத் திட்டியது உங்களுக்குத் தெரியும். போன் கூண்டுக்கு வெளியே நின்ற எனக்கே ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. "பொய்க்காரி", "நான் கதவுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சேன்", "ஊரெல்லாம் சொல்லிட்டேன், இப்ப எல்லாருக்கும் என்ன சொல்லுவேன்?" வரிசையில் நின்ற கிழவர்கள் தரையைப் பார்த்தார்கள். போனை வைத்தபோது முகம் முழுவதும் நனைந்திருந்தது. அந்தப் பெண் அழுது நான் பார்த்ததே இல்லை.

அங்கேதான் உங்களுக்கு எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

நான் ஆறுதல் சொல்ல வந்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வண்டி நின்ற இடத்துக்கே திரும்பி நடந்தாள். வலேரு பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, செப்டம்பர்லேர்ந்து நான் கிஷினேவ்ல இருப்பேன். அங்க உங்க வண்டி எங்க நிக்கும்?"

"வடக்கு பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்புல. ஏம்மா?"

"செவ்வாக்கெழம இத்தாலிலேர்ந்து எத்தன மணிக்கு வரும்?" என்று கேட்டாள்.

சகரியா